பகுதி அஞ்சு

அந்தப் பையை மடியில வச்சுக்கிடுங்க தம்பி, நான் சன்னலோரம் உக்காந்துக்கிடுதேன். காத்து இல்லேன்னா எனக்குத் தலை சுத்தும். தென்காசி வரைக்குமா? நல்லதாப் போச்சு. ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்கக் கூடாது. தங்கச்சியைக் காலேஜுல சேக்கப் போறதாப் போன்ல பேசுனியல்லா, காதுல விழுந்துட்டு. ஒட்டுக் கேக்கல. பஸ்ஸு இரைச்சலுக்கு நீங்க கத்திப் பேசுனிய, விழுந்துட்டு. சேக்குததுக்கு முன்னால நான் சொல்லுததையும் கேட்டுட்டுப் போங்க. எங்கிட்ட யாரும் சொல்லல. சொல்லியிருந்தா என் பிள்ளைக்கு இந்தக் கதி வந்திருக்காது.

என் மக பேரு சங்கரவடிவு. வடிவுன்னு கூப்பிடுவோம். ஒத்தப் பிள்ள. இப்பம் அவ வீட்டுக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன். கணக்குன்னா அவளுக்கு உசுரு. நமக்கு உரக்கடை. யூரியா இத்தனை மூட்டை, பொட்டாஷ் இத்தனை மூட்டைன்னு நான் சொல்லி வாய மூடுததுக்குள்ள மொத்தத்தைச் சொல்லிருவா. அதனால பி.எஸ்சி. கணக்குல சேத்தேன். கணக்குப் படிக்கத்தான தம்பி சேத்தேன்? வேற எதுக்குச் சேப்பான் ஒருத்தன்?

அங்கதான் இருக்கு விசயம். ஒரு பட்டத்தை அஞ்சு கூறு போட்டு வச்சிருக்காவ. பகுதி ஒண்ணு தமிழு. பகுதி ரெண்டு இங்கிலீசு. பகுதி மூணுதான் நாம சேத்த கணக்கு. சரி, அதோட விடுதாவளா? பகுதி நாலுன்னு ஒண்ணு. சுற்றுச்சூழல் படிக்கணும். மதிப்புக் கல்வின்னு ஒரு பாடம். நல்லவனா இருக்கது எப்படின்னு உக்காந்து பரிச்சை எழுதணும். ஏன், அதையெல்லாம் வீட்டுல நாம சொல்லிக்குடுக்க மாட்டமா? அதுபோக, வேற டிபார்ட்மெண்டுல போயி ஒரு பாடம் கண்டிப்பாப் படிச்சாகணுமாம். இவ தாவரவியல்ல போயிக் காளான் வளக்கப் படிச்சா. கணக்குப் படிக்க பிள்ளைக்குக் காளான் எதுக்குன்னு கேட்டேன். எப்பா, எல்லாத்துலயும் கொஞ்சம் தெரிஞ்சிக்கிடணும்னுதாம்ப்பா வச்சிருக்குன்னு சொல்லிச் சிரிச்சா.

சிரிச்சிக்கிட்டேதான் இருப்பா அப்பம்லாம். பாலித்தீன் பையில வைக்கோலை அடைச்சுக் கட்டிலுக்கு அடியில தொங்கவிட்டா. காளான் வெள்ள வெளேர்னு மொளைச்சிட்டு. அவ அம்மை அதைக் கொழம்பு வச்சா. ரெண்டு பேரும் அப்பளம் பொரிச்சு வச்சு அப்பிடித் தின்னாளுக. நான் தொடல. நமக்கு அந்தச் சோலி ஆகாது.

பகுதி நாலோட ஒழிஞ்சுதா? இல்ல. பகுதி அஞ்சு இருக்கு. அதுதான் எங் குடும்பத்தை அழிச்சிட்டு. சேவையாம். நாட்டு நலப் பணித் திட்டத்துல சேந்து, ரெண்டாம் வருசம் ஒரு கிராமத்துல போயி ஒரு வாரம் தங்கி, கூட்டிப் பெருக்கி, மரம் நட்டு, கணக்கெடுத்து வரணும். பகுதி அஞ்சு முடிக்காட்டாப் பட்டம் கெடையாது. கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினாலும் கெடையாது. துட்டக் கட்டிச் சேத்துவிட்டு, தெருப் பெருக்கினாத்தான் பட்டம்னா, இது என்ன நியாயம்? நீங்க சொல்லுங்க.

ஆனா ஒண்ணு, நான் மொதல்ல வேண்டாம்னு சொல்லல. இதைக் குறிச்சுக்கிடணும் நீங்க. வீட்டுல இவ கேக்கும்போது, போயிட்டு வா, டீச்சரம்மா கூட இருக்காவல்லா, போயிட்டு வான்னுதான் சொன்னேன். டார்ச் லைட்டு நாந்தான் வாங்கிக் குடுத்தேன். துணிமணியெல்லாம் எடுத்து வச்சிட்டா. அவ அம்மை முறுக்கு சுட்டா.

மறுநா காலையில கடைக்குச் சின்னமாடன் வந்தான். அவன் பக்கத்து ஊருக் காலனிக்காரன். என்னைவிட மூப்பு. நல்ல மனுசன். ரொம்ப வருசமா நம்ம கடையிலதான் உரம் வாங்குதான். கடைக்குள்ள ஏற மாட்டான், படிக்குக் கீழயே நின்னு வாங்கிட்டுப் போவான். அப்பிடி மரியாதை தெரிஞ்சவன். அன்னைக்கு மூஞ்சியெல்லாம் சிரிப்பு. 'மொதலாளி, நம்ம பாப்பா எங்க தெருவுக்குல்லா கேம்புக்கு வருதாம். பள்ளிக்கூடத்துல எங்க வீட்டுக்காரிதான சத்துணவு ஆக்குதா, பிள்ளைகளுக்கும் அவதான் ஆக்கிப் போடப் போறா. பாப்பாவுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டுட்டு வரச் சொன்னா. ஒருநா நம்ம வீட்டுக்கும் கூட்டிட்டுப் போயிக் கறிச்சோறு போடணும்னு இருக்கோம்'னான்.

அப்பிடியா, சந்தோசம்னு சொல்லி மூட்டையைத் தூக்கிவிட்டேன்.

என்ன தம்பி அப்பிடிப் பாக்கீய? நான் சாதி பாக்கவன் இல்ல. கடைக்கு எல்லாரும்தான் வாராவ. யார் துட்டையும் நான் தண்ணி தெளிச்சு வாங்குனதில்ல. ஆனா துட்டு வேற, சோறு வேற. வயசுக்கு வந்த பிள்ள அந்தத் தெருவுல ஒரு வாரம் படுத்து எந்திரிச்சு, அவ ஆக்குன சோத்தைத் தின்னுட்டு வந்தான்னா நாளைக்கு நம்ம ஆளுகள்ல எவன் பொண்ணு கேட்டு வருவான்? எனக்காகவா சொல்லுதேன்? அவ நல்லதுக்குத்தான சொல்லுதேன்.

மத்தியானம் வீட்டுக்குப் போயி, கேம்புக்குப் போக வேண்டாம்னுட்டேன். ஏம்ப்பான்னா. வயசுப் பிள்ள வெளியூர்ல ராத் தங்கக் கூடாதுன்னேன். நேத்து வரைக்கும் சரின்னுதானப்பா சொன்னிய, போகலேன்னா டிகிரி கெடையாதுப்பான்னா. அவ பேராசிரியரு மேல எம்.எஸ்சி. படிக்கச் சொல்லியிருந்தாரு. பல்கலைக்கழகத்துல எடம் உறுதின்னு சொல்லியிருந்தாரு. ராத்திரியும் பகலும் அதே பேச்சுத்தான் அவளுக்கு. எதுவானாலும் சரி, போகக் கூடாதுன்னேன். அவ என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. பொறவு மெதுவா, 'நீங்க ராத்திரி தங்குததுக்காகச் சொல்லலப்பா'ன்னா.

எதுத்து ஒரு வார்த்தை பேசாத பிள்ள. கையை ஓங்கிட்டேன். அடிக்கல. அடிச்சதே இல்ல நான்.

அன்னைக்குச் சாயந்தரமே காலேஜுக்குப் போனேன். அந்தக் கேம்புக்குப் பொறுப்பு ஜெசிந்தான்னு ஒரு மேடம். தாவரவியல்காரி. இவளுக்குக் காளான் சொல்லிக்குடுத்ததும் அதே அம்மாதான். உக்காரச் சொன்னாவ, தண்ணி குடுத்தாவ. பொம்பளப்பிள்ள ராத்திரி தங்க முடியாதுங்க மேடம்னேன். நானும் ரெண்டு டீச்சரும் கூடத்தான் படுக்கோம்னாவ. இவ ஒருத்திதான், அவ அம்மை தேடுவான்னேன். அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, அவங்களும் தங்கட்டும்னாவ. தண்ணி ஒத்துக்காதுன்னேன். கேன் தண்ணி எறக்குதோம்னாவ. சோறு ஒத்துக்காதுன்னேன். அதுக்கு அந்த அம்மா என் மூஞ்சியை நேராப் பாத்தாவ. எந்தச் சோறு ஒத்துக்காதுன்னு கேட்டாவ.

ஒரு அப்பங்காரன் என்ன செய்வான் தம்பி? கட்டிப் போட்டுக் கேள்வி கேட்டா என்ன செய்வான்? வாயில வந்துது. 'மேடம், வெளிய சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அவளுக்கு வலிப்பு வரும்'னுட்டேன்.

எங்க பெரியப்பா மகனுக்கு உண்டு அது. அந்த நேரத்துல அவன்தான் ஞாபகத்துக்கு வந்தான் போல. சர்க்கரைன்னு வந்திருக்கலாம், ஆஸ்துமான்னு வந்திருக்கலாம். வந்தது இதுதான்.

அந்த அம்மா மூஞ்சி அப்பிடியே மாறிட்டு. கண்ணு கலங்கிட்டு. இதை மொதல்லயே சொல்லக் கூடாதா, இவ்வளவு நேரம் உங்களைக் கேள்வி மேல கேள்வி கேட்டனேன்னு எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாவ. கேம்பு நடக்கிற வாரம் வடிவு காலேஜுத் தோட்டத்துல செடிகளைப் பாத்துக்கிடட்டும், நான் பகுதி அஞ்சு முடிச்சதாப் போட்டுத் தாரேன்னாவ. டாக்டர் சீட்டு கூடக் கேக்கல. அது அவங்க தப்பா இல்லையா? சீட்டு கேட்டிருந்தா அங்கனயே முழிச்சிருப்பேன், அன்னைக்கோட முடிஞ்சிருக்கும். எதையும் விசாரிக்காம நம்புத ஆளுகளை எல்லாம் பொறுப்புல போடுதாவ.

வீட்டுல வந்து சொன்னேன். அவ அம்மை வாயில துணியை வச்சுக்கிட்டா. பொண்ணைப் பத்திச் சொல்லுத வார்த்தையாங்க இதுன்னா. வடிவு உள்ள போனா. எடுத்து வச்ச துணியை எல்லாம் திரும்ப மடிச்சுப் பீரோவுல வச்சா.

பொறவுதான் ஆரம்பிச்சுது. ஜெசிந்தா மேடம் நல்ல எண்ணத்துல, இவ கூடப் படிக்க பிள்ளைகளைக் கூப்பிட்டு, வடிவைத் தனியா விடாதீங்க, மாடிப்படியில கூடப் போங்க, யாருட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லியிருக்காவ. பொம்பளப்பிள்ளைக கிட்டச் சொல்லாதீங்கன்னு சொன்னா என்ன ஆகும்? கெணத்துப் பக்கம் போகாத, வெயில்ல நிக்காத, சன்னல் பக்கம் உக்காராதன்னு ஆளுக்கொரு பக்கம் தாங்குதாளுக. பாத்திமுத்துன்னு ஒரு பிள்ள, இவளுக்கு உயிர்ச் சிநேகிதி, வீட்டுல இருந்து இரும்புச் சாவிக் கொத்து ஒண்ணு கொண்டாந்து பையிலயே வச்சிருந்திருக்கா. வலிப்பு வந்தாக் கையில இரும்பு குடுக்கணும்பாவல்லா, அதுக்கு.

வடிவு வந்து அழுதா. எப்பா, வந்து மேடத்துட்டப் பொய்யின்னு சொல்லிருங்கப்பா, எனக்கு இருக்க முடியலப்பான்னா. எப்பிடிப் போயிச் சொல்ல? பொய்யின்னு சொன்னா ஏன் பொய் சொன்னீங்கன்னு கேப்பாவ. ஏன்னு அங்க உக்காந்து சொல்லணும் நான். அந்த அம்மாவுக்கு முன்னால. சின்னமாடன் பொண்டாட்டி சோத்துக்காகன்னு. அது ஊரு முழுக்கப் போகும். கடை நடத்த முடியுமா? நாலு நாள்ல மறந்திருவாவ, பேசாம இருன்னேன்.

அவளாவே போயிருக்கா. மேடம், எனக்கு ஒண்ணும் இல்ல, எங்கப்பா பொய் சொல்லிட்டாவன்னு சொல்லியிருக்கா. தகப்பனைப் போயிப் பொய்யன்னு சொல்லியிருக்கா பாருங்க. அந்த அம்மா இவ தலையைத் தடவி, இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்லம்மா, மறைக்க மறைக்கத்தான் பயம் கூடும்னு சொல்லி அனுப்பியிருக்காவ. எவ்வளவு சொன்னாலும் அந்தச் சிரிப்பு மாறலியாம். வீட்டுல வந்து சொன்னா. சொல்லும்போது அவளே சிரிச்சா. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கல.

ரெண்டு நாளாச் சாப்பிடல. காலேஜு வராந்தாவுல மயங்கி விழுந்துட்டா. பசி மயக்கம், வேற ஒண்ணுமில்ல. அந்தப் பாத்திமுத்து ஓடியாந்து சாவிக் கொத்தைக் கையில வச்சு அழுத்திப் பிடிச்சிருக்கு. சுத்தி அம்புட்டுப் பிள்ளைகளும் பாத்திருக்குக. பொறவு யாரு என்ன சொல்லி என்ன? எல்லாரும் கண்ணால பாத்தாச்சு.

பட்டம் வாங்கிட்டா. அஞ்சு பகுதியும் முடிச்சு, காலேஜுலயே மொதலாவது. அதை மறைக்கல நான். ஆனா அதுக்குள்ள பாளையங்கோட்டையில இருந்து ஒரு சம்பந்தம் வந்துது. பையன் இஞ்சினியரு. பேசி, தட்டு மாத்த நாளும் பாத்தாச்சு. பையனோட சித்தி மக இதே காலேஜு. அவ்வளவுதான். போன்ல ஒரே வார்த்தை, இப்பிடி மறைச்சுக் கட்டப் பாத்தியளேன்னு. இல்லவே இல்ல, பொய்யின்னேன். யாரு நம்புதா? அப்பம் காலேஜுல நீங்களே சொன்னியளாமேன்னு கேட்டாவ. வச்சிட்டேன் போனை.

எம்.எஸ்சி. எடம் கெடைச்சுதான்னு கேக்கீயளா? கெடைச்சுது. ஹாஸ்டல்ல தங்கணும். சேக்கும்போதே பிள்ளைக்கு ஏதாவது சீக்கு உண்டான்னு கேப்பாவல்லா? உண்டுன்னு சொன்னா அந்த ஊர்லயும் பரவும். இல்லேன்னு சொன்னா இங்க இருந்து போற பிள்ளைக சொல்லும். அதான் அனுப்பல. கால்ல விழுந்தா தம்பி. என் கால்ல விழுந்து, எங்கயாவது போயிருதேம்ப்பா, என்னைத் தெரியாத ஊர்ல போயிருதேம்ப்பான்னு அழுதா. கல்யாணம் ஆகட்டும், அவன் படிக்க வைப்பான்னு சொன்னேன். அப்பிடிச் சொல்லத்தான முடியும்?

வந்த சம்பந்தமெல்லாம் ஒவ்வொண்ணா ஒடைஞ்சுது. கடைசியில இந்த எடம். ரெண்டாந்தாரம்தான், மொத பொண்டாட்டி தவறிட்டு. வயசு கொஞ்சம் கூட. ஆனா நம்ம ஆளுக, தோப்பு தொரவு இருக்கு. மாப்பிள்ளையோட அம்மா நேராவே சொன்னாவ. 'சீக்கு இருக்குன்னு கேள்விப்பட்டோம். தெரிஞ்சேதான் கட்டுதோம். மாத்திரை மட்டும் ஒழுங்காப் போடணும். எங் கண்ணு முன்னால போடணும்'னாவ.

இப்பம் நான் என்ன சொல்ல? சீக்கே இல்லேன்னு சொன்னா, அய்யோ மறைக்கானேன்னு நெனைச்சு இதுவும் போயிரும். ஆமான்னு சொன்னாக் கல்யாணம் நடக்கும். ஆமாம்மா, மாத்திரை நானே வாங்கித் தாரேன்னுட்டேன். எங்க பெரியப்பா மகன் திங்குத அதே மாத்திரை. தெரிஞ்ச மருந்துக் கடை. சும்மா ஒரு மாத்திரைதான, சத்து மாத்திரை மாதிரி நெனைச்சுப் போட்டுக்கோன்னு வடிவுட்டச் சொன்னேன். அவ அம்மை அன்னையில இருந்து எங்கிட்டப் பேச்சை நிறுத்திட்டா. இன்னைக்கு வரைக்கும் சோறு வைப்பா, பேச மாட்டா. பொம்பளைக்கு என்ன தெரியும், வீட்டுக்குள்ள உக்காந்துட்டு.

கட்டிக் குடுத்து மூணு வருசம் ஆவுது. அவ மாமியா நல்ல மாதிரிதான். அடுப்புப் பக்கம் விடல, கெணத்துப் பக்கம் விடல, கோயிலுக்குத் தனியா விடல. பத்திரமா வச்சிருந்தாவ. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, தண்ணிச் செம்பை எடுத்துக்கிட்டு எதுக்க நின்னு முழுங்க வச்சு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாப்பாவளாம். என்ன ஒண்ணு, பிள்ளை கொஞ்சம் மந்தமாயிட்டா. போனா உக்காந்தமேனிக்கே தூங்குவா. ஒரு தடவை கடைப் பில்லு ஒண்ணைக் காட்டி, மொத்தம் எவ்வளவு வருதுன்னு சொல்லுட்டின்னு வெளையாட்டுக்குக் கேட்டேன். ரொம்ப நேரம் பாத்தா. வெரலை மடக்குனா. பொறவு காயிதத்தைத் திருப்பிக் குடுத்துட்டா.

போன மாசம் போயிருந்தேன். தோசை சுட்டுப் போட்டாவ மாமியா, சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். கதவோரமா நின்னுட்டிருந்த பிள்ள அப்பிடியே சாஞ்சா. மொதல்ல பசி மயக்கம்னுதான் நெனைச்சேன். கை கால் வெட்டுது. கண்ணு மேல போயிட்டு. வாயில நொரை. இது அது இல்ல தம்பி. எங்க பெரியப்பா மகனுக்கு வருத மாதிரியே, அச்சு அசலா அதே மாதிரி. மாப்பிள்ள வெளியூரு. நாந்தான் தூக்கி ஆட்டோவுல போட்டேன். மாமியாவும் கூடவே ஏறுனாவ. வழியில என்ன சொன்னாவ தெரியுமா? 'ஒண்ணையும் மறைக்காமச் சொல்லிப் பொண்ணு குடுத்தியளே, அந்த மனசு யாருக்கு வரும்'னாவ. அந்த நேரத்துலயும் அதைக் கேக்க எனக்கு ஒரு மாதிரி நெறைவா இருந்துது.

ஆஸ்பத்திரியில டாக்டரு சின்ன வயசுதான். எத்தனை வருசமா வருதுன்னு கேட்டாரு. இன்னைக்குத்தான் மொதத் தடவைன்னு வாயில வந்துட்டு. மாமியா வெளிய நின்னாவ, நல்ல வேளை. அப்பம் இந்த மாத்திரையை யாரு எழுதிக் குடுத்ததுன்னு, கையில வச்சுக் காட்டிக் கேட்டாரு. படுக்கையில துணி மாத்தும்போது நர்ஸம்மா கண்டெடுத்திருக்காவ, சேலை முந்தியில முடிஞ்சு வச்ச மாத்திரைகளை. எப்பிடியோ மாமியா கண்ணை ஏமாத்திக் கொஞ்ச நாளா முழுங்காம சேத்து வச்சிருக்கா. டாக்டரு எங்கிட்ட மெதுவாத்தான் சொன்னாரு. சீக்கு இல்லாத ஆளுக்கும் இதை வருசக்கணக்காக் குடுத்துட்டுத் திடீர்னு நிப்பாட்டினா வலிப்பு வரும்ங்க, இனி நெனைச்சவுடனே விடவும் முடியாதுன்னாரு. படிச்சவன் என்ன வேணும்னாலும் சொல்லுவான். வந்திருக்கது வலிப்புத்தான? அதை அவராலயும் இல்லேன்னு சொல்ல முடியலல்லா?

அதைத்தான் சொல்லுதேன் தம்பி. தங்கச்சியைச் சேக்குததுக்கு முன்னால பகுதி அஞ்சுக்கு என்ன வச்சிருக்கான்னு கேட்டுச் சேருங்க. எங்க கூட்டிட்டுப் போறான், எவ சோறு ஆக்குதான்னு கேளுங்க. அது மட்டும் இல்லாம இருந்திருந்தா எம் பிள்ள இன்னைக்குப் புரொபசரு.

இந்தா, நீங்க எறங்குத எடம் வந்துட்டு போல. பையை எடுத்துக்கிடுங்க. கண்ணு முழிச்சாளான்னு கேக்கீயளா? முழிச்சா. ரொம்ப நேரம் கழிச்சு முழிச்சா. நாந்தான் பக்கத்துல இருந்தேன், கையைப் பிடிச்சிக்கிட்டு. யாரு என்னன்னு தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் பாத்தா. பொறவு என்னைத் தெரிஞ்சிட்டு. 'இப்பம் சரியாப்பா?'ன்னு கேட்டா. பாவம், மயக்கத்துல என்ன கேக்கோம்னு தெரியாமக் கேக்கா. சரியாயிட்டும்மா, எல்லாம் சரியாயிட்டுன்னு சொல்லி மூஞ்சியைத் தொடைச்சு விட்டேன்.